செவிக்கு முதலிடம்

கண்ணாற் காண்பதைக் காட்டுதற்குக் கருவிகள் மலிந்த இக்காலத்தில், காதாற் கேட்பதைக் காத்தற்கு நாம் கொண்டுள்ள கவலை மிகச் சிறிதே. உள்ளங்கையில் அடங்கும் சிறு காமிராக்களை ஏந்தி மாணவர் பலர் பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துச் சிற்றூர்களுக்குச் செல்கின்றனர். நடவுப் பாட்டு, தாலாட்டு, கூத்து, பறை முதலியவற்றைப் படம் பிடித்து மீள்கின்றனர். படம் பளிங்குபோல் விளங்குகின்றது. பாட்டோ காற்றின் இரைச்சலுள் மறைந்து கிடக்கின்றது. வாயசைவு தெரிகின்றது, சொல் தெரியவில்லை. இக்குறையைச் சிறிதென்று எண்ணுவார்க்குச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

ஒலியைக் காக்கும் கவலை இந்நிலப்பகுதிக்குப் புதிதன்று. அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழ்ப்பணி புரிந்த வீரமாமுனிவர், எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் எழுத்தில் ஐயமின்றி வேறுபடுத்திக் காட்ட வழிவகுத்தவர். காதிற் கேட்ட வேற்றுமை கண்ணுக்கும் புலப்படல் வேண்டும் என்பதே அச்சீர்திருத்தத்தின் பயனாகும். இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் வாழ்ந்த உ. வே. சாமிநாதையர், பிற்காலத்தில் ஊர்தோறும் ஏடு தேடி அலைந்ததை யாவரும் அறிவர். ஏட்டைச் செல் அரித்தாலும் மற்றோர் ஊரில் மற்றொரு படி கிடைக்கலாம் என்னும் நம்பிக்கை அவருக்கிருந்தது. பாடுவார் குரலுக்கோ மறுபடி என்பதொன்றில்லை.

முன்னோர் முயற்சிகளையும் நோக்குவோம். 1871இல் சார்லஸ் கோவர் தென்னாட்டு நாட்டுப் பாடல்களை ஆங்கிலச் செய்யுளாகப் பெயர்த்து நூலாக வெளியிட்டார். கருத்து நமக்குக் கிட்டியது; பாடியவர் குரல் கிட்டவில்லை. 1913 முதல் 1929 வரை இந்திய மொழிகள் பலவற்றைக் கிராமபோன் தட்டுகளிற் பதியும் பணி அரசினரால் நடைபெற்றது. விவிலியத்துக் கெட்ட குமாரன் உவமையையே பலமொழியாளரும் தத்தம் பேச்சிற் கூறினர். அத்தட்டுகளில் காட்சி சிறிதுமில்லை. ஆயினும் இன்றும் அவை மொழியாராய்ச்சிக்குப் பயன்படுகின்றன. 1938ஆம் ஆண்டளவில் தென்னாட்டிற் சுற்றிய ஆலந்து நாட்டு இசையறிஞர் அர்னால்டு பாக்கே என்பார் ஊமைப் படங்களை எடுத்தார். ஒலிக்கெனத் தனிக் கருவியொன்றையும் உடன் கொண்டுவந்தார். காட்சியையும் ஒலியையும் ஒரே கருவியிற் பெறும் வசதி அவர்க்கில்லை. அதனாலேயே ஒலிக்குரிய கவனத்தைத் தனியே செலுத்த வேண்டியவரானார். நமக்கு வசதி வந்தது, கவனம் போயிற்று.

சிறு காமிரா நன்கு கேளாமைக்குக் காரணம் யாது? அதன் ஒலிவாங்கி அரிசிமணியினும் சிறியதொரு துளைக்குள் அமைந்துள்ளது. நீர் புகாக் கூட்டினுள் அடைத்தாலோ அது காதைப் பொத்திக்கொண்டவன் நிலையை அடைகின்றது. மேலும், ஒலி குறைந்தால் தானே உயர்த்தியும், மிகுந்தால் தானே தாழ்த்தியும் கொள்ளும் இயல்பு அக்கருவிக்குண்டு. பாடுபவர் மூச்சு வாங்கும் இடைவெளியிலே அண்டைக் கிணற்று மோட்டாரின் ஓசை எழுந்து வருவதும், பறை அதிர்ந்தவுடன் பாடுவார் குரல் அமிழ்ந்து போவதும் இதனாலேயாம். ஆடிக் காற்று வீசும் சோளக்கொல்லையிலும், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓயாது செல்லும் அரியலூர்ச் சாலையோரத்திலும் இவ்விடர் பன்மடங்காகின்றது.

இவையனைத்தினும் பெரிய காரணம் தொலைவே. திறந்த வெளியில் தொலைவு இரட்டித்தால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகும். எட்டடியிலுள்ள ஒலிவாங்கியை ஓரடிக்குக் கொணரின், குரல் 64 மடங்கு செறிவுடன் வந்து சேரும். மோட்டாரின் ஓசையோ ஏறக்குறைய அவ்வளவிலேயே நிற்கும். விலையுயர்ந்த காமிராவும் செய்யவியலாத இதனை, சட்டையிற் செருகும் எளிய மைக்கொன்று செய்துவிடும்.

ஆதலின் நாம் வேண்டுவன சிலவே. காமிரா எட்ட நிற்கட்டும். ஒலிவாங்கி பாடுவார் அருகிருக்கட்டும். காமிராவில் வேறு மைக் பொருத்த வழியில்லையேல், கைப்பேசியொன்றை அவரருகே வைத்துத் தனியே பதிக. தொடக்கத்திலும் முடிவிலும் காமிராவின் முன் ஒருமுறை கைதட்டுக. பின்னர் ஒலியையும் காட்சியையும் இணைத்தற்கு அதுவே அடையாளமாகும். இரு கருவிகளின் கடிகாரங்கள் நெடுநேரத்தில் சிறிது பிறழுமாதலின், முடிவிலும் தட்டுதல் நன்று. மைக்கிற்கு மயிரடர்ந்த காற்றுறை இடுக. சுவரின் மறைவில் அமர்க. காற்றடிக்கும் நாளில் மரத்தடி நிழல் தரும், அமைதி தராது. காதொலிப்பானைச் செவியில் மாட்டிக் கேட்டபின்பே பதியத் தொடங்குக.

'எம்மிடம் பணமில்லை, கிடைத்த கருவியாற் கிடைத்ததைப் பதிவதே போதும்' என்பார் உளர். ஒன்றுமில்லாமைக்குப் பழுதுற்ற பதிவு மேல் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் அருகே செல்லுதற்கும், சுவர் மறைவு தேடுதற்கும், கேட்டுப் பார்த்தற்கும் பணம் எதற்கு? பொறுமையன்றோ வேண்டும்? 'இரைச்சலைப் பின்னர்க் கணிப்பொறியால் நீக்கிவிடலாம்' என்பார்க்கும் ஒன்று கூறுவோம். காற்றுக்குள் அமிழ்ந்த சொல்லைப் பொறி ஊகித்துத் தருமாயின், அது பாடியவர் சொல்லாகுமா, பொறியின் சொல்லாகுமா? ரகர றகர வேற்றுமையைப் பற்றி வழக்கிடும் தமிழ் மாணவர் இதனைக் கருதுதல் வேண்டும்.

ஒப்பாரியைப் பற்றித் தனியே கூறவேண்டும். அஃது இழவு வீட்டிற்கு உரியது. அங்கே இசைவின்றிக் கருவியை நீட்டுதல் அறமன்று. பதிவு கெட்டதென்று மீண்டும் ஒருமுறை அழுமாறு வேண்டுதல் அதனினும் கொடிது. இசைவு பெற்றுச் சென்றவர் முதன்முறையே செவ்வனே பதிந்து திரும்புதல் அவ்வீட்டார்க்குச் செய்யும் மரியாதையாகும்.

அப்பாயி என்றும் அம்மாயி என்றும் பேரர் அழைக்கும் முதியோர் பலர் இம்மாவட்டங்களில் நடவுப் பாட்டை இன்னும் நெஞ்சில் வைத்துள்ளனர். எந்திரம் நாற்று நடும் வயலில் பாட்டிற்கு இடமேது? அவர்தம் பெயரர், பின்னொருநாள் நம் பதிவைத் திறந்து கேட்பாராயின், முகத்தை மட்டும் கண்டு வருந்துவரா, குரலையும் கேட்டு மகிழ்வரா என்பது இன்று நம் கையில் உள்ளது. பதிந்ததன் படியொன்றை அவ்வீட்டாரிடமே கொடுத்து வருதலும் நம் கடனாகும். முகத்தைக் காட்டும் நிழற்படம் அவ்வீடுகளில் முன்னரே சுவரில் தொங்குகின்றது. அங்கில்லாதது குரலே. அதனை முதலிற் காப்போமாக.