தலைக்கோலும் தலைக்கனமும்

2013 ஜனவரியில் எஸ். ஜானகி பத்மபூஷண் விருதை ஏற்க மறுத்தபோது, இலக்கிய நண்பர்களிடமிருந்து முதலில் வந்த சொல் ‘தலைக்கனம்’. அதே நண்பர்கள்தாம் 1964இல் சார்த்தர் நோபல் பரிசை மறுத்ததை இன்றளவும் மெய்சிலிர்த்துப் பேசுகிறவர்கள். சிதார் மேதை விலாயத் கான் பத்ம விருதுகளை ஒன்றன்பின் ஒன்றாக மறுத்ததைக் கலைஞனின் கம்பீரம் என்று கொண்டாடுகிறவர்கள். தத்துவவாதி மறுத்தால் அறம். உஸ்தாத் மறுத்தால் கம்பீரம். சினிமாவில் பாடும் பெண் மறுத்தால் மட்டும் தலைக்கனம். இந்தத் தராசை நாம் எங்கிருந்து வாங்கினோம்?

கணக்கைப் பார்ப்போம். ஜானகி திரையில் பாடத் தொடங்கியது 1957இல், ‘விதியின் விளையாட்டு’ படத்தில். பத்மபூஷண் அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 74. இடையில், சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை நான்கு முறை பெற்றிருந்தார்: தமிழில் ‘16 வயதினிலே’, ‘தேவர் மகன்’, மலையாளத்தில் ‘ஓப்போள்’, தெலுங்கில் ‘சிதாரா’. 1977ஆம் ஆண்டுப் படத்துக்காக நடுவண் அரசின் ஒரு குழு அடையாளம் கண்ட குரல், அதே அரசின் இன்னொரு குழுவின் காதை எட்ட மேலும் 35 ஆண்டுகள் பிடித்தன.

லதா மங்கேஷ்கருக்கு அதே பத்மபூஷண் 1969இல், நாற்பது வயது நிறையுமுன் வழங்கப்பட்டது. லதாவின் மேதைமையில் நமக்கு ஐயமில்லை. உரிய காலத்தில் தரப்பட்ட கௌரவம் அது. ஆனால், பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது முதன்முதலில் வழங்கப்பட்டபோது அதைப் பெற்ற பி. சுசீலாவுக்குப் பத்மபூஷண் 2008இல், 72 வயதில்தான் வந்தது. எம்.எஸ். விஸ்வநாதன் 2015இல் மறையும்வரை எந்தப் பத்ம விருதும் அவர் வீட்டுப் படியேறவில்லை. வாணி ஜெயராமுக்கு 2023 குடியரசு நாளையொட்டிப் பத்மபூஷண் அறிவித்தார்கள். அதைக் கையில் வாங்குமுன் பிப்ரவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். விருது காலந்தாழ்ந்து வந்தது என்றும், தென்னகக் கலைஞர்களுக்கு உரிய மதிப்பில்லை என்றும் ஜானகி சொன்னதைப் புலம்பல் என்று தள்ளியவர்கள், வாணி ஜெயராமின் முடிவுக்குப் பிறகேனும் வாய் திறந்திருக்க வேண்டாமா?

பாரத ரத்னாவே தமக்குப் பொருத்தம் என்ற தொனியிலும் அவர் பேசினார். அதில் நமக்கு உடன்பாடில்லை. தமக்கான பட்டத்தைக் கலைஞரே குறித்துத் தருவது அழகன்று. ஆயினும் ஒரு வாக்கியம் மிகைப்பட்டது என்பதற்காக மொத்த வழக்கையும் தள்ளுபடி செய்வது நீதியாகாது. ‘உண்மைக் கலைஞருக்கு விருது எதற்கு’ என்பார் வேறு சிலர். வேண்டாம் என்றுதானே அவரும் சொன்னார்? அப்போதும் ஏசுகிறீர்கள். உங்களுக்கு வேண்டியது, கொடுத்ததை வாங்கிக்கொண்டு கைகூப்பி நிற்கும் ஒரு மூதாட்டி.

தில்லியைச் சாடி முடித்ததும் நம் முற்றத்தையும் பெருக்கியாக வேண்டும். சிற்றிதழ்களில் நாம் உலக சினிமா பேசினோம். நவீன ஓவியம் பேசினோம். அறுபதாண்டுக் காலம் நம் வீடுகளில் ஒலித்த குரல்களைப் பற்றி என்ன எழுதினோம்? ‘குயில்’ என்றோம், ‘தேன்’ என்றோம், எத்தனை ஆயிரம் பாடல்கள் என்று எண்ணினோம். எண்ணுவது விமர்சனமாகாது.

‘கொஞ்சும் சலங்கை’யில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தோடு ஆபேரியில் நேருக்கு நேர் நின்ற குரல் அவருடையது. அது 1962. முப்பது ஆண்டுகளுக்குப் பின் ‘தேவர் மகனி’ல் கூச்சம் மேலிட, தயங்கித் தயங்கிப் பாடும் ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு அவர் பாடினார். நாகசுரத்துக்கு ஈடுகொடுத்த வித்தை அத்தனையையும் மறைத்துவைத்து, பாடத் தெரியாதவளாகப் பாடுவது எத்தகைய வித்தை! நாவலாசிரியன் தன் மொழியைத் துறந்து பாத்திரத்தின் மொழியில் கரைவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம், அதே செயலைக் குரலால் செய்தவரைப் பற்றி ஒரு பத்தி எழுதவில்லை. தேசிய விருதுக் குழுவாவது அந்தப் பாடலைக் கேட்டது. நாம் கேட்டோமா?

ஆண்டுதோறும் வகுப்பறையில் அரங்கேற்று காதையை நடத்துகிறோம். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்கள் ஒவ்வொருவருக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று இளங்கோ வரிசையாகச் சொல்கிறார். கலையை மதிப்பிடும் அளவுகோல் அது. மாதவிக்கு அப்போது வயது 12. அரங்கேறியதும் மன்னன் தலைக்கோல் பட்டம் தருகிறான். 1008 கழஞ்சு பொன் அவள் பரிசாகிறது. அவள் முதுமையடையட்டும் என்று அவன் காத்திருக்கவில்லை.

அந்தக் காதையைப் பாடம் சொல்லிவிட்டு வெளியே வந்து ஜானகிக்குத் தலைக்கனம் என்று சொல்ல நமக்கு நா எழக்கூடாது. கலையைக் கேட்கும் காதும், அளக்கும் கோலும், உரிய காலத்தில் தரும் கையும் ஒருகாலத்தில் நம்மிடம் இருந்தன என்பதற்குச் சான்று அந்தக் காதை. 2013இல் அவர் மறுத்தது ஒரு பதக்கத்தை மட்டுமன்று. கேளாமலே தரும் பாராட்டை. அந்த மறுப்பில் தில்லிக்குள்ள பங்கு தில்லிக்கு. நமக்குள்ள பங்கை நாம்தான் ஏற்க வேண்டும்.