கருப்பட்டி போட்டால் சுகர் ஏறாதாம்!

போன வாரம் ஒரு நிச்சயதார்த்தப் பந்தி. பல வருடமாகச் சுகருக்கு மாத்திரை போடும் பெரியப்பா இரண்டாவது டம்ளர் பாயசத்துக்குக் கை நீட்டினார். நான் முறைத்தேன். பரிமாறியவர் முந்திக்கொண்டார்: “கருப்பட்டிப் பாயசம்தான் ஐயா, தைரியமா குடிங்க. சுகருக்கு ஒண்ணும் பண்ணாது.” பந்தியே தலையாட்டியது.

இதே பெரியப்பா மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் வியர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிடுவார். பெரியம்மா ஓடிவந்து வாயில் திணிப்பது ஒரு துண்டு வெல்லம். கால் மணி நேரத்தில் மனிதர் பேப்பரைப் பிரித்துவிடுவார். சுகரை ஏற்றாத வெல்லம் அவரை எப்படித் தேற்றியது? பாரம்பரியத்தாலா?

வெள்ளைச் சர்க்கரை கிட்டத்தட்ட முழுக்க சுக்ரோஸ். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். மிச்சம் கொஞ்சம் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், ஈரம், தாது உப்பு. சுக்ரோஸை இரண்டாக வெட்டும் சிறுகுடல் நொதி, ஆலையில் வந்ததா கொப்பரையில் காய்ச்சியதா என்று விசாரிப்பதில்லை. தேன் இன்னும் விசேஷம்: வெட்டுகிற வேலையைத் தேனீயே முடித்துக் கொடுத்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சர்க்கரைக்கு வரம்பு சொன்னபோது தேனையும் பழச்சாற்றையும் சேர்த்தேதான் சொன்னது. நம்மவர்களோ வெந்நீரில் தேனைக் கலக்கி ‘டயட்’ என்கிறார்கள்.

உடனே இரும்புச்சத்து என்பார்கள். இருக்கிறது, யார் இல்லை என்றது? ஒரு பெண்ணுக்குத் தினமும் வேண்டிய 29 மில்லிகிராம் இரும்பை வெல்லத்திலிருந்தே எடுப்பதென்றால் கால் கிலோவுக்குக் குறையாமல் தின்ன வேண்டும். பெரியப்பாவை எழுப்ப ஒரு துண்டே போதுமாக இருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

10 கோடிப் பேருக்குமேல் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் சொன்ன நாடு இது. இங்கேதான் “நாட்டுச் சர்க்கரை, பயப்படாதீங்க” என்று இனிப்பு விற்கிறார்கள்.

அந்த நாட்டுத்தனமாவது உண்மையா? சேலம் பக்கம் வெல்லம் காய்ச்சும் இடங்களில் உணவுப் பாதுகாப்புத் துறை சோதனைக்குப் போனால் பிடிபடுவது கலப்படத்துக்கு வைத்திருந்த வெள்ளைச் சர்க்கரை மூட்டை! எதற்குப் பயந்து ஓடினோமோ அதையே கூடுதல் விலை கொடுத்து வாங்கி வருகிறோம். பதநீர் இறங்குவது வருடத்தில் சில மாதம். நெடுஞ்சாலையில் கருப்பட்டிக் காபி பன்னிரண்டு மாதமும் ஓடுகிறது. பெயர்ப் பலகையில் பனைமரம் பெரிதாக நிற்கிறது. அந்தக் காபி விலையில் பனையேறிக்கு எவ்வளவு போகிறது என்று கல்லாவில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள்.