வாடிவாசலுக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம்? காளையை எப்படி அவிழ்க்கிறோம் என்பதுதான் மேட்டர்!

ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு என்றாலே தச்சங்குறிச்சிதான். புதுக்கோட்டை மாவட்டம் கந்தர்வகோட்டை பக்கம் இருக்கும் இந்த ஊரில், விண்ணேற்பு அன்னை ஆலய விழாவையொட்டி 2024-ல் ஜனவரி 6-ம் தேதியும், 2025-ல் ஜனவரி 4-ம் தேதியும் வாடிவாசல் திறந்தது. அதற்குப் பிறகு வன்னியன்விடுதி, விராலிமலை என மாவட்டம் முழுக்க சீசன் களைகட்டும். தமிழகத்திலேயே அதிக வாடிவாசல்கள் இருப்பது புதுக்கோட்டையில்தான்.

ஒவ்வொரு முறையும் பேச்சு இரண்டு விஷயத்தைச் சுற்றியே இருக்கும். எத்தனை காளை இறங்குது? முதல் பரிசு காரா, பைக்கா? போட்டியை எந்த முறையில் தொடங்குகிறார்கள் என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் வீரருக்குச் சமமான வாய்ப்பு கிடைக்குமா, காளை எவ்வளவு நேரம் நிற்கும், ஆபத்து யார் தலையில் விழும் ஆகிய மூன்றையும் முடிவு செய்வது அதுதான்.

இதே தலைவலி கோல்ஃபிலும் உண்டு. அங்கே பல வருடங்களாக விதவிதமான தொடக்க முறைகளை முயன்று பார்த்திருக்கிறார்கள்.

அதென்ன 'ஷாட்கன் ஸ்டார்ட்'?

கோல்ஃப் மைதானத்தில் 18 குழிகள். வழக்கமான முறையில் எல்லோரும் முதல் குழியில் இருந்துதான் தொடங்க வேண்டும். சில நிமிட இடைவெளியில் சின்னச் சின்னக் குழுவாக அனுப்புவார்கள். பிரிட்டனின் ஓப்பன் போட்டியில் இன்றும் 156 வீரர்கள் இப்படித்தான் கிளம்புகிறார்கள். முதல் ஆள் அதிகாலையில் கிளம்பினால், கடைசி ஆள் கிளம்பும்போது மாலை 4 மணி ஆகிவிடும்.

நேரம் போதாவிட்டால் பாதிப் பேரை முதல் குழியிலும், மீதிப் பேரை 10-வது குழியிலும் தொடங்க வைப்பார்கள். அமெரிக்க ஓப்பன் 2002-ல் இந்த முறைக்கு வந்தது. கொரோனாவால் 2020-ல் நவம்பருக்குத் தள்ளிப்போன மாஸ்டர்ஸ் போட்டியும், பகல் பொழுது குறைவு என்பதால் இதையே பயன்படுத்தியது.

மூன்றாவதுதான் ஷாட்கன் ஸ்டார்ட். ஆளுக்கொரு குழியில் நிற்பார்கள். சிக்னல் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள். 1956-ல் அமெரிக்காவின் வாலா வாலா நகர கிளப் ஒன்றில் துப்பாக்கியால் சுட்டுப் போட்டியைத் தொடங்கியதால் வந்த பெயர் என்று சொல்கிறார்கள். 2022-ல் தொடங்கிய லிவ் கோல்ஃப் தொடரும் இந்த முறையைத்தான் பயன்படுத்தியது.

நம்ம ஊரில் எந்த முறை?

எல்லாமே இருக்கிறது! 2017-ல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டத்திருத்தத்தில் 'ஜல்லிக்கட்டு' என்ற ஒரே சொல்லுக்குள் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா மூன்றும் அடங்கும். ஆனால் தொடங்கும் விதம் ஒவ்வொன்றிலும் வேறு.

வாடிவாசல் ஜல்லிக்கட்டு, கோல்ஃபின் வழக்கமான முறை மாதிரி. ஒரே வாசல், ஒன்றன்பின் ஒன்றாகக் காளைகள். முதலில் யாரும் பிடிக்காத கோயில் காளை. அதன்பிறகு டோக்கன் வரிசை. வீரர்களைச் சுமார் 50 பேர் கொண்ட சுற்றுகளாகப் பிரித்து, சுற்றுக்கு ஒரு நிற டி-ஷர்ட் கொடுத்து இறக்குவதும் நடக்கிறது.

மஞ்சுவிரட்டு கிட்டத்தட்ட ஷாட்கன் ஸ்டார்ட். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தின் சிராவயல் இதற்குப் பிரபலம். தொழுவில் இருந்து அவிழ்க்கும் மாடுகள் தவிர, சுற்றியுள்ள பொட்டலில் ஆங்காங்கே கட்டுமாடுகளையும் அவிழ்த்து விடுவார்கள்.

வடமாடு தனி ரகம். நீண்ட வடத்தில் ஒரு காளை, எதிரே 9 பேர் கொண்ட குழு, பொதுவாக 20 முதல் 25 நிமிடம். டைம் முடிந்தால் அடுத்த காளை, அடுத்த குழு.

ஒரேயடியாக அவிழ்த்தால் வேலை முடிஞ்சிடாதா?

முடியும். காளை மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டாம். ஆனால் கோல்ஃபில் பறப்பது பந்து; இங்கே பாய்வது காளை. எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாத இடத்தில், களத்தில் இறங்காத பார்வையாளரும் களத்துக்குள்தான் நிற்கிறார். 2024 ஜனவரியில் சிராவயல் மஞ்சுவிரட்டில் ஒரு சிறுவன் உட்பட 2 பேர் உயிரிழந்தார்கள்.

ஒற்றை வாசலும் இரட்டைத் தடுப்பும் ஆபத்தை ஓர் இடத்துக்குள் அடக்கப் பார்க்கின்றன. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: நேரம்.

கணக்குப் போட்டுப் பாருங்க

காலை 7 முதல் மாலை 5 மணி வரை 10 மணி நேரம், அதாவது 600 நிமிடம். 600 காளை என்றால் ஒன்றுக்கு 1 நிமிடம். 1,000 காளை என்றால் 36 விநாடி. அதற்குள் காளை வெளியே வர வேண்டும், வீரர் திமிலைப் பிடிக்க வேண்டும், நடுவர் முடிவு சொல்ல வேண்டும், களம் காலியாக வேண்டும். ஒரு காளை நின்று விளையாடினால், இல்லை வாடியை விட்டு வெளியே வரவே அடம்பிடித்தால், பின்னால் நிற்கும் அத்தனைக்கும் லேட்.

2019 ஜனவரியில் விராலிமலையில் 1,350-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்க்கப்பட்டு, உலக சாதனை என்று கொண்டாடப்பட்டது. அன்று 2 பேர் மாடு முட்டி இறந்தார்கள். எண்ணிக்கையைச் சாதனையாகப் பார்க்கும்போது, ஒவ்வொரு காளைக்கும் கிடைக்கும் விநாடிகள் குறைவதை யாரும் பார்ப்பதில்லை.

பாதிப்பு களத்தோடு நிற்பதும் இல்லை. முந்தின நாள் இரவே மாட்டை ஏற்றிவந்து காத்திருக்கும் உரிமையாளர்கள் பலர். நெரிசலில் மிரண்ட காளை, வளர்த்தவரையே முட்டுவதும் நடக்கிறது. நேரம் முடிந்துவிட்டால் டோக்கன் வாங்கிய காளையும் அவிழாமலே வீடு திரும்பும். ஒரு வருட உழைப்பு, தீவனச் செலவு, வண்டி வாடகை... எல்லாம் வீண்.

வீரருக்கு என்ன சிக்கல்?

லக். கோல்ஃபில் காலையில் காற்று அடங்கியிருக்கும், மதியம் வீசும். அதனால் முதல் நாள் காலையில் ஆடியவரை மறுநாள் மதியம் ஆட வைத்துச் சமன் செய்கிறார்கள். ஜல்லிக்கட்டு ஒரே நாள் ஆட்டம். ஒரு சுற்றில் பிடிபடும் காளைகளாக வரலாம். இன்னொரு சுற்றில் நெருங்கவே முடியாத காளைகள் வரிசையாக வரலாம். 2024 அலங்காநல்லூரில் முதலிடம் பிடித்தவர் அடக்கியது 18 காளைகள், இரண்டாமிடம் 17. ஒரே ஒரு காளைதான் வித்தியாசம். அதிகம் பிடித்தவர்களை இறுதிச் சுற்றில் ஒன்றாக இறக்குவது இந்த லக் கணக்கைக் குறைக்கிறது, முழுசாகத் தீர்க்கவில்லை.

என்ன செய்யலாம்?

கோல்ஃபில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது துப்பாக்கிச் சத்தத்தை அல்ல, நேரம் ஒதுக்கும் பழக்கத்தை. அங்கே ஒவ்வொரு குழுவுக்கும் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். இங்கேயும் டோக்கனில் வரிசை எண்ணோடு ஒரு நேரமும் அச்சிடலாம். 7 மணிக்குத் தொடங்கி மணிக்கு 100 காளை என்றால், 801-வது காளையின் நேரம் மாலை 3 மணி. மருத்துவப் பரிசோதனைக்கு 2 மணிக்கு வந்தால் போதும். நள்ளிரவில் இருந்து நிற்க வேண்டாம்.

இதில் நியாயமான ஒரு பயமும் இருக்கிறது. போட்டி இழுத்துக்கொண்டே போனால் மாலை டோக்கன்காரர்தான் ஏமாறுவார். அதனால் இத்தனை காளைக்கு டோக்கன் என்று முடிவு செய்த பிறகு நேரத்தைப் பார்க்கக் கூடாது. ஒரு காளைக்கு எத்தனை விநாடி வேண்டும், இடையில் எவ்வளவு தாமதம் வரும் என்று முதலில் கணக்கிட்டு, அதற்கேற்ற எண்ணிக்கையில்தான் டோக்கன் கொடுக்க வேண்டும்.

அப்படிச் செய்தால் 1,000 என்ற எண் 600 ஆகலாம். சில ஊர்களுக்கு அது கௌரவக் குறைச்சலாகத் தெரியலாம். ஆனால் டோக்கன் வாங்கிய எல்லாக் காளையும் வாடிவாசலைத் தாண்டும்.