நெல்லிக்கனி தந்தவன் பயந்தாங்கொள்ளியா?

தேய்பிறை அஷ்டமி அன்று அதியமான்கோட்டைக்குப் போய்ப் பாருங்கள். தர்மபுரிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணியைப் பாதியாக வெட்டி, எண்ணெய் ஊற்றி, திரி போட்டு விளக்கேற்றுவார்கள். கடன் தீரும், வழக்கு ஜெயிக்கும், எதிரி ஒழிவான் என்று நம்பிக்கை.

கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும், அது அவரவர் விருப்பம். ஆனால் இதற்குச் சொல்லப்படும் கதைதான் இடிக்கிறது. அதியமான் எதிரிகளுக்குப் பயந்து நிம்மதி இழந்தானாம். ஜோதிடர்கள் சொன்னபடி பைரவருக்குக் கோயில் கட்டினானாம். பயம் தீர்ந்ததாம்!

எந்த அதியமான்? கேட்பவர் மனதில் வருவது ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த நெடுமான் அஞ்சிதான். அவன் சங்க காலத்தவன். 1981-இல் கண்டெடுக்கப்பட்ட ஜம்பைக் கல்வெட்டில் அவன் பெயர் தமிழ் பிராமி எழுத்தில் இருக்கிறது. தமிழகத்தில் கற்கோயில்கள் எழத் தொடங்கியதோ பல்லவர் காலத்தில், அதாவது 7-ஆம் நூற்றாண்டு வாக்கில். பிறகு அஞ்சி எப்படி இந்தக் கற்கோயிலைக் கட்டியிருக்க முடியும்?

அதியமான் என்பது ஒரு குடியின் பெயர். சோழர் ஆட்சியின் பிற்பகுதியில்கூட விடுகாதழகிய பெருமாள் என்றொரு அதியமான் இருந்தான். பின்னால் வந்த யாரோ ஒருவர் கட்டியிருக்கலாம். அதை அஞ்சியின் தலையில் கட்டுவது என்ன நியாயம்? அதுவும் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறையிடம் தகடூர் வீழ்ந்ததைப் பதிற்றுப்பத்தே சொல்லும்போது?

அயர்லாந்தில் 1446-இல் கட்டப்பட்ட பிளார்னி கோட்டை இருக்கிறது. அதன் உச்சியில் மல்லாந்து படுத்து, தலையைக் கீழே தொங்கவிட்டு ஒரு கல்லுக்கு முத்தம் கொடுத்தால் பேச்சு வன்மை வருமாம். அதுவும் மூடநம்பிக்கைதான். ஆனால் முதலாம் எலிசபெத் ராணியைத் தேன் ஒழுகப் பேசியே ஏமாற்றினான் என்று பெயரெடுத்தவன் அந்தக் கோட்டைக்காரன். கதை அவனுக்குப் பொருந்துகிறது.

இங்கே நடப்பது நேர்மாறு. நெல்லிக்கனியும் அதிசயக் கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அது என்ன சொல்கிறது? நீண்ட ஆயுள் தரும் கனி கையில் கிடைத்தும், தான் தின்னாமல் ஒரு புலவருக்குக் கொடுத்தவன் என்கிறது. சாவுக்கே அஞ்சாத அப்படிப்பட்டவனை, கட்டம் பார்த்து நடுங்கியவனாக அவன் பெயரைத் தாங்கிய ஊரிலேயே சொல்லலாமா?

பூசணி விளக்கு எரியட்டும். வரிசையில் நிற்கும் குழந்தை "யாரும்மா அதியமான்?" என்று கேட்டால், அந்த நெல்லிக்கனியைச் சொல்லுங்கள். அது போதும்.