டர்போ காருக்கு எந்த சென்சார்?

டர்போ காரின் என்ஜினுக்குள் காற்று திணிக்கப்படுகிறது! அந்த அழுத்தத்தை ஒரு சென்சார் அளந்து சொல்கிறது. அதைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடுகிறது.

டர்போ இல்லாத காரின் சென்சார் சுமார் 1 'பார்' அழுத்தம் வரைதான் அளக்கும். வெளிக்காற்றின் அழுத்தமே ஏறக்குறைய 1 பார். டர்போ மேலும் 1 பார் தள்ளினால் மொத்தம் 2! பழைய சென்சாருக்கு அது தெரியாது. பெட்ரோல் குறையும், சூடு ஏறும், பிஸ்டனே உருகலாம்.

"4 பார் சென்சாராகவே வாங்கிவிடலாமே?" என்பார்கள் சிலர். வீண் ஆசை! மூட்டை நிறுக்கும் தராசில் தங்கம் நிறுப்பார்களா? சிறு ஏற்ற இறக்கம் அதில் சரியாகத் தெரியாது. 2 பார் என்ஜினுக்கு 2½ அல்லது 3 பார் சென்சாரே போதும்.

சென்சாரை மாற்றினால் கம்ப்யூட்டரிலும் கணக்கை மாற்றவேண்டும். இல்லாவிட்டால் புதுச் சென்சார் இருந்தும் என்ஜின் திணறும்.