ஞமலியும் ஹவுண்டும்

கொல்லிமலைக்கு வேட்டைப் புகழைத் தேடித் தந்தவன் வல்வில் ஓரி. அவன் விடுத்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பின் உடலில் சென்று தைத்ததாம். புறநானூற்றிலே வன்பரணர் இவ்வாறு பாடியிருக்கிறார். இத்தகைய வில்லாளிக்கு நாயின் துணை எதற்கு? அந்தப் பாட்டில் நாயைப் பற்றிய பேச்சே இல்லை. ஆனால் சாமானிய வேடர்களுக்கு ஓரியின் கை வாய்க்கவில்லை. அவர்களோடு நாய்களும் காட்டில் திரிவதைச் சங்க நூல்களிலே பல இடங்களில் காண்கிறோம்.

அந்த நாயை இங்கிலீஷில் சொல்லப் புகுந்தால் 'ஹவுண்ட்' என்ற வார்த்தைதான் நாவில் வருகிறது. அதன் பூர்வோத்தரத்தைச் சற்று விசாரிப்போம்.

ஆதி இங்கிலீஷில் இச்சொல் 'ஹுண்ட்' என்று இருந்தது. அப்போது அது வேட்டை நாயை மட்டும் குறிக்கவில்லை. வீதி நாய், வீட்டு நாய் எல்லாமே ஹுண்ட்தான். ஜெர்மானியருக்கு இன்றும் அப்படியே. 'டாக்' என்ற சொல்லோ ஆதியில் அபூர்வமாக வழங்கியது. அது எங்கிருந்து பிறந்தது என்பது பண்டிதர்களுக்கே இன்னும் புலப்படவில்லை. ஆயினும் 16-ஆம் நூற்றாண்டுக்குள் இந்த அநாமதேயச் சொல் வீடு முழுவதையும் பிடித்துக்கொண்டது. பழைய எஜமானனான ஹவுண்ட், வேட்டை நாய் என்ற ஒரே அறைக்குள் ஒதுங்க நேர்ந்தது.

'டியர்' என்ற சொல்லின் கதையும் இதுவே. ஆதியில் மிருகம் அனைத்துக்கும் பொதுவாயிருந்தது, பின்னர் மானுக்கு மட்டும் பெயராயிற்று. நமக்கும் இது புதிதல்ல. வடமொழியில் மிருகம் என்பது விலங்கையும் குறிக்கும், மானையும் குறிக்கும். மிருகசீரிஷம் என்றால் மான் தலை. வேடனுக்கு மான்தானே முதல் மிருகம்!

இன்னொரு விந்தையும் உண்டு. நாம் எப்போதாவது வழங்கும் 'சுவானம்' என்ற வடசொல்லும் ஹவுண்டும் ஒரே குலத்தவை. மூல மொழியின் ககர ஒலி லத்தீனில் அவ்வாறே நின்றது; இங்கிலீஷில் ஹகரமாயிற்று; ஸம்ஸ்கிருதத்தில் சகரமாயிற்று. நூறு என்பதற்கு லத்தீனில் கெந்தும், இங்கிலீஷில் ஹண்ட்ரட், ஸம்ஸ்கிருதத்தில் சதம். நாய்க்கும் அவ்விதமே கானிஸ், ஹவுண்ட், சுவானம். மாறுவேஷத்தில் வந்த பங்காளிகளைப் போல் இவை நம் முன் நிற்கின்றன.

தமிழுக்கோ தனிச் செல்வம் இருக்கிறது. ஞமலி, ஞாளி, சுணங்கன் என்று நாய்க்குப் பல பெயர்கள். நாய்க்குட்டியைக் குருளை என்று சொல்வது மரபு என்கிறது தொல்காப்பியம். பூழிநாட்டார் நாயை ஞமலி என்பர் என்று பழைய உரைகாரர்கள் எழுதினார்கள். ஒரு நாட்டின் பேச்சு வழக்கு, புலவர் அனைவருக்கும் பொதுச் சொத்தாயிற்று.

சொல்லின் பொருள் சொல்பவரையும் இடத்தையும் பொறுத்தது என்பதற்குக் கொல்லிமலையிலேயே சான்று இருக்கிறது. அங்கு வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். தாய்மொழி தமிழ். மலைக்கு உரியவர் என்பதே அங்கே அச்சொல்லின் பொருள். கேரளத்தாரை நினைத்துக்கொண்டு போகிறவர் அவர்களை அந்நியர் என்று எண்ணி ஏமாறுவார்.

நம் வேட்டை நாய்களுக்கு வாய்த்த பெயர்களைக் கவனியுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்பன ஊர்ப் பெயர்கள். அந்த மண்ணே அவற்றின் முகவரி. வெள்ளைக்காரர்களோ பாளையக்காரர் பெயரை ஒட்டி 'பாலிகர் ஹவுண்ட்' என்றார்கள். பாளையக்காரரை அடக்கிவிட்டு, அவர் பெயரை நாயின் கழுத்தில் கட்டியது விசித்திரமான மரியாதைதான்!

இப்போது வேட்டைக்கே வேலையில்லை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் தேசத்தில் அதைத் தடுத்துவிட்டது. ஹவுண்ட் பிறந்த இங்கிலாந்திலும், நாய்களை ஏவி நரி வேட்டையாடுவதைத் தடை செய்த சட்டம் 2005 பிப்ரவரியில் அமுலுக்கு வந்தது. அதற்கு முந்திய மாதத்தில்தான் இந்தியத் தபால் இலாகா நம் நாட்டு நாய்களுக்கு நான்கு தபால்தலைகள் வெளியிட்டது. ராம்பூர் ஹவுண்ட், முதோல் ஹவுண்ட் ஆகியவற்றோடு ராஜபாளையமும் அதில் இடம் பெற்றது. ஹவுண்ட் என்ற வாலை ஒட்டாமல், தன் ஊர்ப் பெயரோடு மட்டுமே அது நின்றது கண்டு நாம் மகிழ்கிறோம்.

வேட்டை ஒழிந்தது நல்லதே. ஓரி எய்த யானையும் புலியும் இன்று காப்பாற்றப்பட வேண்டிய உயிர்கள். ஆனால் தொழில் போனால் நாயும் போகலாமா? தபால்தலையில் ஒட்டிய பெருமை நாயின் வயிற்றை நிரப்பாது. பனிநாட்டிலே பிறந்த சடை நாயை விலை கொடுத்து வாங்கி, சித்திரை வெயிலில் அதற்கு விசிறி போட்டு உட்காரும் குடும்பங்கள் பல. இந்த வெயிலுக்கென்றே பிறந்த சிப்பிப்பாறைக் குருளைக்கு அவ்வளவு உபசாரம் தேவையில்லை. ஓடுவதற்குச் சிறிது இடமும், வாசலில் காவல் வேலையும் இருந்தால் போதும்.

ஹவுண்ட் என்ற சொல் ஆயிரம் வருஷ மாறுதலுக்குப் பிறகும் உயிரோடிருப்பதற்குக் காரணம், அதைச் சொல்லி அழைக்க ஒரு நாய் எப்போதும் இருந்ததே. ஞமலி அகராதியில் அடைபட்டுவிட்டது. ராஜபாளையமும் கோம்பையும் அங்கே போய்ச் சேராதிருக்க வேண்டுமானால், அடுத்த முறை குழந்தைகள் நாய் வேண்டும் என்று கேட்கும்போது, பெற்றோர்கள் முதலில் நம் ஊர்ப் பெயர்களை நினைத்துப் பார்க்கட்டும்.