கணக்கா? கதவா?

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்னும் பேரறிஞர் கணித நூல் ஒன்று யாத்தார். அந்நூலின் தலைப்பிலே ஒரு சொல்: அல்-ஜபர். சிதைந்ததைச் சீர்செய்தல், முறிந்ததைக் கூட்டுதல் என்று அதற்குப் பொருள். அந்த அரபுச் சொல்தான் ஐரோப்பாவுக்குப் போய் அல்ஜீப்ரா ஆயிற்று. நம் பள்ளிக்கூடங்களில் அதை இயற்கணிதம் என்கிறோம். ஸ்பெயின் நாட்டிலோ, முறிந்த எலும்பைக் கூட்டிக் கட்டும் வைத்தியனுக்கே 'அல்ஜெப்ரிஸ்தா' என்ற பெயர் வழங்கிற்று!

எலும்பைக் கூட்ட வந்த சொல்! அதே சொல்லைச் சொல்லி எத்தனை ஏழை வீட்டுப் பிள்ளைகளின் முதுகெலும்பை முறித்தார்கள் என்ற கதையைத்தான், செல்வத்தின் சிகரம் என்று போற்றப்படும் அமெரிக்க நாட்டிலிருந்து எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். கட்சி ஏட்டில் கணக்குப் பாடமா என்று முகம் சுளிக்காதீர், தோழர்களே! கணக்கு கணக்காக இருக்கும்வரை அது ஆசிரியர் பாடு, மாணவர் பாடு. அது கதவாக்கப்படும் அன்றே அரசியலாகிவிடுகிறது.

அமெரிக்கக் கல்லூரிகளில் 'கல்லூரி இயற்கணிதம்' என்றொரு பாடம் உண்டு. சமன்பாடுகள், பல்லுறுப்புக் கோவைகள், சார்புகள், மடக்கைகள் ஆகியவை அதன் உள்ளடக்கம். தன்னளவில் தீங்கற்ற பாடம். அழகிய பாடம் என்றும் சொல்வேன். பொறியியல் கற்பவனுக்கு அது அடித்தளம். நுண்கணிதம் என்னும் மாளிகைக்கு அது முற்றம். ஆனால், பொறியியல் பக்கமே தலைவைத்துப் படுக்காதவனுக்கும், வரலாறு பயில வந்தவனுக்கும், செவிலியாகப் பணிபுரிய விரும்பியவளுக்கும், பல கல்லூரிகள் அதையே பட்டத்தின் விலையாக வைத்தன.

"அதிலென்ன குற்றம்? படிக்கட்டுமே!" என்பீர்கள். படிக்க விட்டால்தானே!

கல்லூரியில் சேர்ந்தவுடன் ஒரு சோதனை. அதில் சில மதிப்பெண் குறைந்தால், கல்லூரி இயற்கணித வகுப்புக்குள் கால் வைக்க இயலாது. கீழே போ என்பார்கள். முதற்படி எண்கணிதம், அதன்மேல் தொடக்க இயற்கணிதம், அதன்மேல் இடைநிலை இயற்கணிதம், அதற்கும் மேலேதான் கல்லூரி இயற்கணிதம். கீழ்ப்படிகளில் கற்றது எதுவும் பட்டக் கணக்கில் சேராது. காசு மட்டும் கணக்கில் சேரும்! கட்டணம் உண்டு, கடன் உண்டு, காலம் கரைவதுண்டு. கையில் பட்டம் மட்டும் இல்லை. ஒரு படிக்கு அரையாண்டு என்று கொண்டாலும், வாசலை அடையவே ஒன்றரை ஆண்டு!

எத்தனை பேர் ஏறினார்கள்? 2010 ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று விடை சொல்கிறது. பல மாநிலங்களின் சமுதாயக் கல்லூரிகளில், கணிதத்திற்காகக் கீழ்ப்படிகளுக்கு அனுப்பப்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே எல்லாப் படிகளையும் ஏறி முடித்தனர். மற்றவர் எல்லாரும் தேர்வில் தோற்றவர்களா? இல்லை! தோற்று வெளியேறியவர்களைவிட, வகுப்பில் சேராமலே, அல்லது அடுத்த படிக்கு வராமலே போனவர்கள் அதிகம். படியின் உயரம் அவர்களை வீழ்த்தவில்லை. படிகளின் எண்ணிக்கை வீழ்த்திற்று.

அந்தச் சோதனையாவது சரியாக அளந்ததா? அதுவும் இல்லை. கணிதச் சோதனை எழுதியவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரை அது பெரும்பிழையாகத் தவறான வகுப்பில் வைத்தது என்று பின்னர் வந்த ஆய்வு காட்டிற்று. அப்பிழைகளிலும் பெரும்பாலானவை, மேலே அமர வேண்டியவனைக் கீழே தள்ளிய பிழைகள்! அவன் நான்காண்டுகள் பள்ளியில் உழைத்து வாங்கிய மதிப்பெண்களே அதைவிட நல்ல அளவுகோல் என்றும் கண்டார்கள். தராசே கோணல், நிறை குறைந்தவன் என்ற பழியோ நெல்லுக்கு!

இதை எழுதுகிறவனும் பட்டம் பெறாமல் கல்லூரிப் படியை விட்டு இறங்கியவன்தான். ஆகவே அழுத்தமாகவே சொல்வேன்: படிப்பை விட்டவன் எல்லாம் படிப்பு வராதவன் அல்லன்.

நாடகம் எழுதிப் பழகிய கை. அந்த வாசலில் நடப்பதை ஒரு காட்சியாகவே தீட்டிப் பார்க்கிறேன்.

அலுவலர்: உன் விருப்பம் என்ன?

மாணவி: செவிலியர் படிப்பு, ஐயா. என் தாய் மருத்துவமனையில் தரை துடைப்பவள். நோயாளியின் கட்டிலருகே நிற்க எனக்கு ஆசை.

அலுவலர்: நல்ல ஆசை! ஆனால் சோதனையில் இரண்டு மதிப்பெண் குறைகிறது. எண்கணிதத்திலிருந்து தொடங்கு.

மாணவி: மருந்தின் அளவைக் கணக்கிடத் தெரியும், ஐயா. கேட்டுப் பாருங்கள்!

அலுவலர்: அதைக் கேட்கும் அதிகாரம் எனக்கில்லை. சோதனைத் தாள் கேட்டதற்கு நீ விடை எழுதவில்லை.

மாணவி: எனக்குத் தெரியாததைச் சொல்லிக் கொடுங்களேன். அதற்குத்தானே கல்லூரி?

அலுவலர்: தெரிந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம்!

காட்சி கற்பனை, கருத்து கற்பனையன்று. தெரிந்தவனைச் சேர்த்துக்கொண்டு தெரியாதவனைத் தள்ளுவதற்குக் கல்லூரி எதற்கு? கதவும் காவலாளும் போதுமே!

இந்தக் கதவுக்கு ஒரு பாட்டன் உண்டு. மிசிசிப்பி மாநிலத்தில் 1890 ஆம் ஆண்டு எழுதப்பட்ட அரசமைப்பு, வாக்காளராகப் பதிவு செய்ய வருபவன் அந்த அரசமைப்பின் ஒரு பகுதியைப் படிக்க வேண்டும், அல்லது படிக்கக் கேட்டுப் பொருள் சொல்ல வேண்டும் என்றது. சரியாகச் சொன்னானா என்று தீர்ப்பளிப்பவர் யார்? வெள்ளைக்காரப் பதிவாளர்! கறுப்பு மக்கள் வாக்களிக்கக் கூடாது என்று அந்த விதியில் ஓர் எழுத்தும் இல்லை. ஆயினும் 1964 ஆம் ஆண்டில், வாக்களிக்கும் வயதடைந்த கறுப்பு மக்களில் நூற்றுக்கு 7 பேர் கூட அங்கே பதிவு பெற்றிருக்கவில்லை. எழுத்தறிவைத் தராமல் எழுத்தறிவுச் சோதனை! 1965 ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வந்துதான் அந்தச் சூழ்ச்சிக்குச் சாவுமணி அடித்தது.

அந்தப் போர்க்களத்தில் நின்றவர் பாப் மோசஸ். நியூயார்க்கின் ஹார்லெமில் 1935 இல் பிறந்த கறுப்பு இளைஞர்; கணித ஆசிரியர். 1961 இல் மிசிசிப்பிக்குச் சென்று வாக்காளர் பதிவுக்கு மக்களைத் திரட்டினார். மண்டை பிளக்க அடித்தார்கள். தையல் போட்டுக்கொண்டு மீண்டும் மக்களிடமே சென்றார். அதே மனிதர் 1982 இல், தம் மகள் படித்த பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் இல்லை என்று கண்டபோது, தாமே வகுப்பறைக்குள் நுழைந்து கற்பித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 'இயற்கணிதத் திட்டம்' என்னும் இயக்கம்.

எப்படிக் கற்பித்தார் தெரியுமா? பிள்ளைகளைப் பாஸ்டன் நகரின் சுரங்க ரயிலில் ஏற்றினார். ஒரு நிலையத்தைச் சுழியம் என்று வைத்துக்கொள். இந்தப் பக்கம் மூன்று நிலையம், அந்தப் பக்கம் இரண்டு நிலையம். பயணத்தைப் படமாக வரை; உன் வீட்டுப் பேச்சில் சொல்; பிறகு குறியீட்டில் எழுது. கூட்டல் குறியும் கழித்தல் குறியும் அந்தப் பிள்ளையின் காலடியிலிருந்தே முளைத்தன. வாக்குச் சீட்டுக்காகப் போராடியவர், 2021 இல் மறையும் வரை சமன்பாட்டுக்காகப் போராடினார். அவருக்கு இரண்டும் ஒரே போர். எண்ணறிவு இல்லாதவன் நாளைய பொருளாதாரத்தில் வாக்கில்லாதவனுக்குச் சமம் என்பது அவர் கண்ட உண்மை. பள்ளியை முடிக்கும் ஏழைப் பிள்ளை, கீழ்ப்படி எதிலும் மிதிபடாமல் நேரே கல்லூரிக் கணிதத்தில் அமர வேண்டும் என்பதே அவர் வைத்த குறி.

இனி நியூயார்க் நகரக் கல்லூரியைப் பாருங்கள். 1847 இல் ஏழை எளியோருக்கென்று தோன்றிய நிறுவனம், கட்டணம் இல்லை. ஆனால் கறுப்பர் வாழும் ஹார்லெமின் நடுவே நின்ற அந்தக் கல்லூரியில் கறுப்பு மாணவர் மிகச் சிலரே. 1969 ஏப்ரலில் கறுப்பு மாணவரும் போர்ட்டோ ரிக்கோ மாணவரும் கல்லூரியின் ஒரு பகுதியைக் கைப்பற்றி, வாயிலைத் தாமே பூட்டினார்கள். பூட்டப்பட்டிருந்த கதவைத் திறப்பதற்காகப் பூட்டினார்கள்! 1970 இல் நகரப் பல்கலைக் கழகத்தின் கதவு, நகரப் பள்ளிகளில் தேறிய எல்லாருக்கும் திறந்தது. ஆறே ஆண்டுகள்! 1976 இல், நகரத்தின் நிதி நெருக்கடியைக் காட்டிக் கட்டணம் புகுந்தது. 1999 இல், பின்தங்கிய மாணவர்க்கான கீழ்ப்படி வகுப்புகளை நான்காண்டுக் கல்லூரிகளிலிருந்து அகற்ற முடிவு செய்தனர். முன்வாசலில் வென்றதைப் பக்கவாசலில் பறித்தார்கள்.

ஆனால் அதே பல்கலைக் கழகத்திலிருந்தே உண்மையும் வந்தது. 2013 இல், மூன்று சமுதாயக் கல்லூரிகளில், தொடக்க இயற்கணிதம்தான் இவர்களுக்குத் தகும் என்று தீர்ப்பிடப்பட்ட மாணவர் 907 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாக்கினர். தொடக்க இயற்கணிதத்தில் அமர்ந்தவர்களில் தேறியவர் நூற்றுக்கு 39. அதே பாடத்தோடு துணைப் பயிற்சியும் பெற்றவர்களில் 45. கீழ்ப்படியைத் தாண்டி, நேரே கல்லூரித் தரப் புள்ளியியலில் துணைப் பயிற்சியோடு அமர்ந்தவர்களிலோ 56! டென்னசி மாநிலமும் 2015 இல் கீழ்ப்படிகளை அகற்றி, கல்லூரிப் பாடத்தையும் அதற்கான துணை வகுப்பையும் ஒரே பருவத்தில் வைத்தது. முன்னர் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேரே ஓராண்டுக்குள் கல்லூரிக் கணிதத்தில் தேறிய இடத்தில், பாதிக்கு மேற்பட்டோர் தேறினர். 2017 இல் கலிபோர்னியாவும் சட்டம் இயற்றிக் கீழ்ப்படிகளுக்குத் தள்ளும் வழக்கத்திற்கு அணை போட்டது. "இவர்களுக்குக் கணக்கு வராது" என்று நெற்றியில் எழுதியவர்கள் எங்கே போய் முகத்தை ஒளிப்பர்?

"தரம் தாழ்ந்துவிடும்" என்று அலறுகிறவர்களைக் கேட்கிறேன். பாடம் கல்லூரிப் பாடமாகவே நின்றது. கூடுதலாகத் தந்தது ஆசிரியரின் நேரம் மட்டுமே. நேரம் தந்தால் தாழும் தரம் தரமா, தாழ்ப்பாளா?

இவர்கள் ஒரு கூட்டம். இன்னொரு கூட்டம் இருக்கிறது. வாள் ஏந்தி வராமல் கண்ணீர் ஏந்தி வருகிறது. "பாவம், இந்தப் பிள்ளைகளுக்கு ஏன் இந்தத் துன்பம்? இயற்கணிதத்தையே எடுத்துவிடுவோம்" என்கிறது. 2012 இல் ஆண்ட்ரூ ஹேக்கர் என்னும் அரசியல் பேராசிரியர், இயற்கணிதம் தேவைதானா என்று நியூயார்க் டைம்ஸ் ஏட்டில் கேட்டபோது நாடே திரும்பிப் பார்த்தது. அவர் எண்ணியது தீமையன்று. வெளியேற்றப்பட்ட மாணவருக்காகவே பேசினார். நோயைச் சரியாகச் சொன்னார், மருந்துதான் பிழை.

சான் பிரான்சிஸ்கோ நகரில் 2014 இல் சமத்துவத்தின் பெயரால் எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தை நிறுத்தினர். விளைவு? பணமுள்ள பெற்றோர் தனிப் பாடத்திற்குக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டனர். இல்லாதவன் பிள்ளைக்கு எதுவும் இல்லை! 2024 இல் வாக்குச் சீட்டில் கேள்வி வைத்தபோது, நூற்றுக்கு 80 பேருக்கு மேல் "மீண்டும் கொண்டு வா" என்று வாக்களித்தனர். கலிபோர்னியாவிலேயே 2022 இல் வந்த அடுத்த சட்டத்தை வைத்து, முன்வகுப்பு இல்லாமல் நேரே நுண்கணிதத்தில் மாணவரை அமர்த்த முனைந்தபோது, கணித ஆசிரியர் பலரே எதிர்த்துக் குரல் கொடுத்தனர். கதவைக் கழற்றச் சொன்னால் மாடிப்படியையும் சேர்த்துக் கழற்றுவதா?

வரலாறு படிப்பவனுக்குப் புள்ளியியல் பயன்படுமென்றால் அதைக் கொடுங்கள், மகிழ்ச்சி. ஆனால் யாருக்கு எது என்று தேர்ந்தெடுப்பவர் யார்? மாணவனே தேர்ந்தால் அது உரிமை. அலுவலகம் தேர்ந்தால், செல்வன் மகனுக்குச் சமன்பாடு, சேரி மகனுக்குச் சமாதானம் என்றுதான் முடியும். "உனக்கு வராது" என்பவன் கதவை அடைக்கிறான். "உனக்கு வேண்டாம்" என்பவன் சுவரே எழுப்புகிறான். முன்னவனாவது பகைவன் என்று தெரிகிறது. பின்னவன் தோளில் கைபோட்டுக்கொண்டே செய்கிறான்!

தோழர்களே! எந்த நாட்டில் எந்தத் தேர்வை எவர் தூக்கி வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். சோதிக்குமுன் கற்பித்தாயா? சோதனை அளப்பது அறிவையா, வசதியையா? தவறியவனுக்கு அடுத்த நாள் காலையில் என்ன செய்வாய்? மூன்றுக்கும் விடை இல்லையெனில் அது தேர்வன்று. தேர்வு வேடமிட்ட வேலி.

உங்கள் தெருவிலும் இருப்பான், கணக்கு வராதென்று சொல்லிக் கடையில் பொட்டலம் மடிக்க அனுப்பப்பட்ட சிறுவன். படிப்பகத்தின் விளக்கை மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக எரியவிட்டு, அவனை உட்கார வையுங்கள். பேருந்து நிறுத்தத்தைச் சுழியம் என்று வைத்துத் தொடங்குங்கள். அவனுக்கு இரக்கம் வேண்டாம், இயற்கணிதம் வேண்டும். கணக்கைக் கற்றுக் கொடுப்போம்; கதவைக் கழற்றி வைப்போம்!